கயிறு வெட்டும் கத்தியும் டச்சுக் கப்பல் கேப்டனும்

கத்தி சேகரிக்கிறவர்கள் எங்கே போய்க் கத்தி வாங்குகிறார்கள் என்று என்னிடம் கேட்பது, எந்த ஓட்டலில் சாப்பாடு ருசி என்று பாத்திரம் கழுவுகிறவனிடம் கேட்பது மாதிரி. ஆனால் எந்த இலையில் சோறு மிஞ்சுகிறது, எந்த இலை வழித்து நக்கப்பட்டிருக்கிறது என்பது கழுவுகிறவனுக்குத்தான் தெரியும். அந்த அளவுக்கு எனக்கும் தெரியும்.

என் பெயர் மணி. கொச்சி மட்டாஞ்சேரியில் பழைய சாமான் விற்கும் கடை ஒன்றில் முப்பத்திரண்டு வருடம் இருந்தேன். விற்பனையாளன் என்று சொல்லிக்கொள்ள ஆசைதான். சம்பளப் பதிவேட்டில் 'பேக்கிங்' என்று எழுதியிருந்தது. இப்போது கடையை முதலாளியின் மகள் சஃபியா நடத்துகிறாள். கத்தியைப் போட்டோ எடுத்துப் போனில் போடுகிறாள், பெங்களூரில் யாரோ வாங்கிவிடுகிறார். அவர் கறுப்பா சிவப்பா என்று நமக்குத் தெரியாது, கத்தி எவ்வளவு கனம் என்று அவருக்குத் தெரியாது. போன மாதம் நான் சும்மா கடைப் பக்கம் போனபோது என்னைப் பிடித்துக்கொண்டாள்.

"மணிச்சேட்டா, நம்ம கத்திக்காரங்க குரூப்பிலே எல்லாரும் கேக்கறாங்க. நல்ல கத்தி எங்கே கிட்டும், உள்ளூரிலே எங்கே, வெளிநாட்டிலே எங்கேன்னு. நீங்க ஒண்ணு எழுதித் தாங்க."

"வெளிநாடா? மோளே, நான் பார்த்த ஒரே வெளிநாடு எதிர்க்கரையிலே இருக்கிற வில்லிங்டன் தீவு. அதுக்கும் ஒரு போட்டிலே போய் அடுத்த போட்டிலே திரும்பிட்டேன்."

"வெளிநாட்டுக்காரங்க எல்லாம் உங்ககிட்டே உக்காந்து கதை பேசினவங்கதானே. அதை எழுதினா போதும். பொய் மட்டும் வேண்டாம்."

கடைசி வாக்கியத்தை அவள் ஏன் சொன்னாள் என்று விளக்கத்தான் இந்தக் கட்டுரையில் பாதி போகப் போகிறது.

தாத்தா திருநெல்வேலிப் பக்கமிருந்து கொச்சி முனிசிபாலிட்டி வேலைக்கு வந்தவர். அப்பாவும் அதே வேலை. மூன்றாவது தலைமுறையாக நானும் போயிருக்க வேண்டும், ஆனால் எட்டாம் வகுப்பு கேட்டார்கள். என்னிடம் நாலுதான் இருந்தது. ஐந்தாம் வகுப்பில் இரண்டு வருடம் உட்கார்ந்திருக்கிறேனே, அதையும் சேர்த்தால் ஆறு வருகிறதே என்று கேட்டுப் பார்த்தேன். ஒப்புக்கொள்ளவில்லை. அரிசி குடோனில் கொஞ்ச நாள் மூட்டை தூக்கினேன். முதுகு ராஜினாமா செய்தது. அப்புறம்தான் இந்தக் கடை. தொழில் கற்றுக்கொண்ட காலத்தைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. முதல் வருடம் சாமானை உடைத்தேன். இரண்டாவது வருடம் விரலை வெட்டிக்கொண்டேன். மூன்றாவது வருடத்திலிருந்து இரண்டும் குறைந்தது.

முதலாளி ஹைதர் இக்கா, அதாவது ஹைதர் அண்ணன். குரலை உயர்த்தவே மாட்டார். கோபம் வந்தால் கண்ணாடியைக் கழற்றி வேட்டி முனையால் துடைப்பார். துடைப்பது நீண்டுகொண்டே போனால் அன்றைக்கு யாருக்கோ நேரம் சரியில்லை என்று அர்த்தம். பெரும்பாலும் அந்த யாரோ நான்தான்.

அவர் கத்தி காட்டும் விதத்தைப் பார்க்கவே சில பேர் வருவார்கள். கத்தியைக் கையிலிருந்து கைக்குக் கொடுக்க மாட்டார். மேஜையில் வெள்ளைத் துணி விரிப்பார். கத்தியை உறையிலிருந்து எடுத்து, உறையைத் தனியே வைப்பார். பிடி வாங்குகிறவர் பக்கம், வாய் தன் பக்கம். பிறகு இரண்டு கைகளையும் மடியில் வைத்துக்கொண்டு சும்மா இருப்பார். வந்தவர் வாயைத் திறக்கும் வரை இவர் பேசமாட்டார். இரும்பு என்ன, பிடி என்ன, யாரிடமிருந்து வந்தது, இந்த மூன்றுக்கும் பதில் சொல்வார். எத்தனை வருடம் பழசு என்று கேட்டால் "அறியில்லா" என்பார். தெரியாது என்று அர்த்தம். பில்லிலும் அப்படியே எழுதுவார். நானாக இருந்தால் குறைந்தது திப்பு சுல்தான் வரை போயிருப்பேன். முதல் தடவை வருகிறவர்கள் இதென்ன வியாபாரம் என்று எழுந்து போவார்கள். இரண்டாம் தடவை வருகிறவர்கள் அந்த ஒரு வார்த்தைக்காகவே வருவார்கள்.

விற்ற பிறகு என் முறை. கை வியர்வை பட்ட இடமெல்லாம் உலர்ந்த துணியால் துடைக்க வேண்டும். தேங்காய் எண்ணெய் போடக் கூடாது, நாளானால் பிசின் மாதிரி ஒட்டும். தையல் மெஷினுக்குப் போடுகிற எண்ணெய்தான், அதுவும் தொட்டும் தொடாமல். பிறகு வெண்ணெய்த்தாள். முனையில் ஒரு தக்கை. தோல் உறையில் போட்டு அனுப்பவே கூடாது. மழைக்காலத்தில் தோல் ஈரத்தைக் குடித்துவிட்டுக் கத்தியின் மேல் துப்பும். கடைசியில் பெட்டிக்கு வெளியே பெரிய எழுத்தில் 'கத்தி' என்று எழுதிவிட வேண்டும். மறைத்துக் கட்டினால்தான் சுங்கத்துக்காரர்களுக்கு ஆசை வருமாம்.

இனி கேட்ட கேள்விக்கு வருகிறேன். உள்ளூரில் கத்தி கடைக்கு வருவதற்கு முன்னால் வேறு எங்கேயோ இருக்கும். தறவாடு என்று சொல்கிற பழைய பூர்வீக வீடுகளை இடிக்கும்போது மரச்சாமான் எடுக்கப் போகிற வியாபாரிகளிடம் தேங்காய் உரிக்கும் பாரையோடு சேர்ந்து வரும். பழைய கப்பல் சாமான் எடுக்கிறவர்களிடம் மாலுமிக் கத்தி கிடைக்கும். குடகுக்காரர்கள் இடுப்பில் செருகும் பீச்சங்கத்திக்குக் குடகுக்கே போக வேண்டும், போனாலும் தரமாட்டார்கள், சோறு போட்டு அனுப்புவார்கள். மலப்புறம் பக்கத்துக் கத்தியென்றால் பட்டறையிலேயே சொல்லிச் செய்யலாம். பம்பாய், தில்லி பழைய பஜார்களில் மலை மாதிரி குவித்திருப்பார்கள் என்று பலர் சொன்னார்கள். அந்த மலையில் முக்கால்வாசி போன வருடம் செய்து மண்ணில் புதைத்து எடுத்தது என்றும் அவர்களே சொன்னார்கள். ஒன்பது அங்குலத்துக்கு மேல் நீளம் போனால் போலீஸ் கேள்வி கேட்கும், முதலிலேயே விசாரித்துக்கொள்ளுங்கள். நூறு வருடம் தாண்டிய பழம்பொருளை நாட்டை விட்டு வெளியே அனுப்பவே கூடாது. இதை நன்றாக ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். நான் மறந்ததால் வந்த வினையைத்தான் சொல்லப் போகிறேன்.

வெளிநாட்டில் எப்படி என்றால், சனி ஞாயிறுகளில் கல்யாண மண்டபம் மாதிரி பெரிய ஹால் ஒன்றை வாடகைக்கு எடுப்பார்களாம். வரிசை வரிசையாக மேஜை. மேஜைக்கு ஒரு ஆள், அவர் கத்திகள், ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் விவரம் எழுதிய அட்டை. அங்கேயே விற்பார்கள், வாங்குவார்கள், ஒன்றைக் கொடுத்து இன்னொன்றை மாற்றிக்கொள்வார்கள். பெரிய சாமான் ஏலத்துக்குப் போகும். ஜெர்மனியில் கத்தி செய்வதற்கென்றே ஒரு ஊர் இருக்கிறதாம். ஜப்பானில் கொல்லரிடம் பெயர் கொடுத்துவிட்டு வருடக்கணக்கில் காத்திருப்பார்களாம், நாம் கேஸ் சிலிண்டருக்குக் காத்திருந்த மாதிரி. இப்போது பாதிப் பேர் கம்ப்யூட்டரில் வாங்குகிறார்கள். எங்கே வாங்கினாலும் கத்தியோடு ஒரு கதையும் வரும் என்பார் பீட்டர்.

பீட்டர் ஹாலந்துக்காரர். இங்கே வெள்ளைக்காரரைச் சாயிப்பு என்போம், வெள்ளைக்காரியை மதாம்மா என்போம். நான் பார்த்த சாயிப்புகளில் பேரம் பேசாத ஒரே சாயிப்பு. தபாலாபீசில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர், தனிக்கட்டை. வருடா வருடம் குளிர்காலத்தில் வந்து ஒரு மாதம் இருப்பார். தினமும் கடைக்கு வந்து என் பக்கத்தில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து, நான் பேக்கிங் செய்வதைப் பார்ப்பார்.

ஒரு வெள்ளிக்கிழமை மதியம் இக்கா பள்ளிக்குத் தொழப் போயிருந்தார். நான் கயிறு வெட்டிக்கொண்டிருந்தேன். கயிறு வெட்டுவதற்கு என்னிடம் ஒரு கத்தி இருந்தது. பழைய ஜீப்பின் பட்டை ஸ்பிரிங்கை அடித்து வைப்பின் தீவில் ஒரு கொல்லர் செய்து தந்தது, எருமைக்கொம்புப் பிடி. பதினொரு வருடம் கடைப்படியில் தீட்டித் தீட்டி வயிறு உள்ளே போய், பட்டினி கிடந்த மாதிரி இருக்கும். பீட்டர் அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"மணி, இது எங்கேருந்து வந்தது?"

ஜீப் என்று சொல்லியிருக்கலாம். இரண்டே எழுத்து. ஆனால் இக்கா இல்லை, காற்று நன்றாக வீசியது, என் வாயும் சும்மா இருந்தது.

"சார், இது டச்சுக் கப்பல் கேப்டனோட கத்தி. அவர் இங்கே ஜாலியா இருந்தார். திடீர்னு அவர் சம்சாரம் இன்னொரு கப்பல்லே தேடி வந்துட்டா. நங்கூரக் கயிறை அவுக்க நேரமில்லே. இந்தக் கத்தியாலே ஒரே வெட்டு, கப்பலோட ஓடிட்டார். கத்தி படகுத்துறையிலே விழுந்துச்சு. எங்க தாத்தாவோட தாத்தா எடுத்து வச்சுக்கிட்டார்."

எங்கள் தாத்தாவின் தாத்தா அந்தக் காலத்தில் திருநெல்வேலியில் ஆடு மேய்த்துக்கொண்டிருந்தார். கடலையே பார்த்திருக்க மாட்டார். நான் சிரித்தேன், பீட்டரும் சிரித்தார். அந்தக் கத்தியைத் தரமுடியுமா என்று கேட்டார். தன் பையிலிருந்த சின்ன மடக்குக் கத்தியை எடுத்து வைத்தார். கத்திக்காரர்கள் வழக்கப்படி மாற்றிக்கொண்டோம். பில் கிடையாது. இக்கா வந்து கயிறு வெட்டும் கத்தி எங்கே என்று கேட்டபோது, பீட்டர் மாற்றிக்கொண்டு போனார் என்றேன். "சரி" என்றார். கதையைப் பற்றி நான் சொல்லவில்லை. அவரும் கேட்கவில்லை.

இரண்டு வருடம் கழித்து, ஆகஸ்ட் மழையில் ஒரு மதாம்மா வந்தார். பெயர் உர்சுலா, ஜெர்மனிக்காரர், குடையை வாசலிலேயே மடக்கி வைத்து, காலைத் துடைத்துவிட்டு உள்ளே வந்தார். கால் துடைத்து வருகிற வாடிக்கையாளர் என்றால் எனக்கு அப்போதே பயம். பையிலிருந்து ஒரு பெட்டியை எடுத்து மேஜையில் வைத்துத் திறந்தார். என் கத்தி. பட்டுத் துணியில் படுத்திருந்தது, மாப்பிள்ளை மாதிரி. பக்கத்தில் அச்சடித்த அட்டை.

அவர் பேசியது இங்கிலீஷ். எனக்குப் புரிந்த விதத்தில் எழுதுகிறேன்.

"போன வருஷம் கத்திக் கண்காட்சியிலே பீட்டர்கிட்டேருந்து இதை வாங்கினேன். என்கிட்டே இருந்த ரெண்டு நல்ல கத்தியைக் கொடுத்து மாத்திக்கிட்டேன். அட்டையிலே உங்க கடை பேர் இருக்கு. உங்க கடைன்னா பொய் இருக்காதுன்னு எங்க ஆளுங்க எல்லாருக்கும் தெரியும்."

இக்கா அட்டையை வாங்கிப் படித்தார். நங்கூரக் கயிறு, படகுத்துறை, சம்சாரம், தாத்தாவின் தாத்தா எல்லாம் வரிசையாக இருந்தன. கடைசி வரியில் 'மட்டாஞ்சேரி' என்றும் கடை பெயரும். இக்கா கண்ணாடியைக் கழற்றினார்.

மதாம்மா நிதானமாகச் சொன்னார். "இது நெஜம்னா, டச்சுக்காரங்க கொச்சியிலே இருந்த காலம், கத்திக்கு இருநூறு வருஷத்துக்கு மேலே. அப்படின்னா உங்க நாட்டுச் சட்டப்படி வெளியே வந்திருக்கவே கூடாது. அப்போ இது கடத்தல் சாமான், நான் வச்சிருக்க முடியாது. நெஜம் இல்லேன்னா, என்னை ஏமாத்தியிருக்காங்க. ரெண்டுலே எதுன்னு நீங்க எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தரணும்."

இக்கா துடைத்துக்கொண்டே இருந்தார். என் கதை நிஜமானால் இக்கா சட்டத்தை மீறியவர். பொய்யானால் 'அறியில்லா' என்று முப்பது வருடம் எழுதிக் காப்பாற்றிய பெயர் போயிற்று. நான் அடித்த ஒரு தமாஷ் எந்தப் பக்கம் திருப்பினாலும் அவரையே வெட்டியது.

"எடா மணி, இது நீ பறஞ்சதா?"

அந்த நேரத்தில் என் மண்டையில் ஓடியதை ஒளிக்காமல் சொல்கிறேன். தப்பிக்க வழி இருந்தது. 'நான் சொல்லலே இக்கா, பீட்டர் சார் அவரே கட்டின கதையா இருக்கும்' என்று சொன்னால் போதும். பில் இல்லை, சாட்சி இல்லை. பீட்டர் ஹாலந்தில் இருந்தார். கடை தப்பும், நான் தப்புவேன். பீட்டர் மட்டும் அவர்கள் ஊர் ஹாலில் கள்ளனாகிவிடுவார். மனுஷனுக்கு அந்த ஹாலை விட்டால் வேறு போக்கிடம் கிடையாது. ஸ்டூலில் உட்கார்ந்து என் கையையே பார்த்துக்கொண்டிருந்தவர்.

வாய் திறந்தது. வழக்கமாக அது திறந்தால் எனக்கு வேலை இருக்காது, தானாக ஓடும். அன்றைக்குத் தள்ளிவிட வேண்டியிருந்தது.

"ஆமா இக்கா. நான்தான் சொன்னேன். ஜீப் ஸ்பிரிங் இக்கா."

"என்கிட்டே வேண்டாம். அவங்ககிட்டே சொல்லு. அன்னைக்கு என்ன சொன்னியோ அது, அப்புறம் உள்ளது என்னவோ அது. ரெண்டும்."

சொன்னேன். என் இங்கிலீஷில் ஒரு பொய்யைச் சொல்வது சுலபம், வாபஸ் வாங்குவது கஷ்டம். ஜீப்புக்குக் கையால் ஸ்டியரிங் திருப்பிக் காட்டினேன், ஸ்பிரிங்குக்கு எழுந்து குதித்துக் காட்டினேன், எருமைக்குத் தலையில் இரண்டு விரல் வைத்துக் காட்டினேன். மதாம்மா கடைசி வரை சிரிக்கவில்லை.

"இந்தக் கதையிலே ஏதாவது ஒண்ணாவது நெஜமா?"

"கயிறு மட்டும் நெஜம், மேடம். பதினோரு வருஷம் வெட்டினேன்."

இக்கா கடிதத்தாள் எடுத்தார். கத்தி யார் செய்தது, எதில் செய்தது, கடையில் எதற்குப் பயன்பட்டது, யார் யாரிடம் மாற்றிக்கொண்டது என்று தெரிந்ததை மட்டும் எழுதினார். பழம்பொருள் இல்லை என்று எழுதினார். கதை எங்கள் கடையில் வேலை செய்கிறவர் வேடிக்கைக்குச் சொன்னது, அதற்குக் கடை வருந்துகிறது என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். முப்பது வருடத்தில் அவர் 'வருந்துகிறது' என்று எழுதி நான் பார்த்ததில்லை. மதாம்மா தாளை இரண்டு முறை படித்து மடித்து வைத்துக்கொண்டார். இதைக் காட்டிப் பீட்டரிடம் கத்தியைத் திருப்பிக் கொடுத்து, தன் இரண்டு கத்தியையும் வாங்கிக்கொள்வதாகச் சொல்லிவிட்டுப் போனார்.

என்னை வேலையை விட்டு அனுப்புவார் என்று டிபன் பாக்ஸை எடுத்துத் தயாராக நின்றேன். இக்கா கண்ணாடியை மாட்டிக்கொண்டார்.

"எங்கே போறே? மூணு பெட்டி கட்டணும். இந்த சீசன் முடியற வரைக்கும் கஸ்டமர்கிட்டே நீ வாய் திறக்க வேண்டாம். கை மட்டும் போதும்."

இதைவிட வேலையை விட்டு நிறுத்தியிருக்கலாம். நாக்கை உறையில் போட்டு வைத்த மாதிரி இருந்தது. யார் வந்து என்ன கேட்டாலும் தலையை ஆட்டினேன். எனக்குப் பேச்சு வராது என்று நினைத்து ஒரு சாயிப்பு தினமும் கைஜாடையில் குட் மார்னிங் சொன்னார். ஒரு அம்மா என் தலையில் கைவைத்து ஆசீர்வாதம் செய்துவிட்டுப் போனார். வீட்டில் விஷயத்தைச் சொன்னபோது என் மனைவி, "இதுக்காக நான் வேண்டாத சாமி இல்லை. இக்கா ஒரே நாள்லே பண்ணிட்டாரே" என்றாள்.

ஜனவரியில் ஒரு காலை பீட்டர் வந்தார். அந்தத் தடவை வரமாட்டார் என்றே நினைத்திருந்தேன். கையில் தடி, நடையில் ஒரு சாய்வு. ஸ்டூலில் உட்காரவில்லை. நேரே இக்காவின் மேஜைக்குப் போய், தாளில் சுற்றிய கத்தியை எடுத்து, பிடி இக்கா பக்கம் இருக்கும்படி வைத்தார். அந்த அட்டையையும் வைத்தார். நான் மூலையில் கயிறும் கையுமாக நின்றேன். இக்கா திரும்பிப் பார்த்தார்.

"மணி, இப்போ வாய் திறக்கலாம்."

அஞ்சு மாதம் மூடிக்கிடந்த வாய். திறந்தால் ஒரே ஒரு வார்த்தைதான் இருந்தது.

"சாரி, சார். என்னாலேதானே உங்க பேரு அங்கே..."

பீட்டர் தடியை மேஜையில் சாய்த்து வைத்தார். என்னைப் பார்க்காமல் இக்காவைப் பார்த்துத்தான் பேசினார்.

"ஹைதர், உங்க ஆளைத் திட்டாதீங்க. அவன் சொன்னப்போ சிரிச்சுக்கிட்டே சொன்னான். நானும் சிரிச்சேன். தமாஷ்னு எனக்கு அன்னைக்கே தெரியும்." அட்டையை விரலால் தட்டினார். "அந்த ஹால்லே நாலு வருஷமா மேஜை போட்டேன். யாரும் நிக்கலே. பக்கத்து மேஜையிலே கூட்டம், என் மேஜையைத் தாண்டித்தான் போவாங்க. இந்த அட்டையை வச்ச அன்னைக்கு எல்லாரும் நின்னாங்க. அட்டையை எழுதினப்போ, நான் சிரிக்கலே."

இக்கா அட்டையை எடுத்து மறுபடி ஒரு தடவை, இந்தத் தடவை நிதானமாக, சம்சாரம் தேடி வந்த இடம் வரைக்கும் படித்தார். அவர் தோள் லேசாகக் குலுங்கியது. அவர் சிரிக்கும்போது அப்படித்தான், சத்தம் வராது. ஸ்டூலை இழுத்துப் பீட்டருக்குப் போட்டார்.

"எடா மணி, ரெண்டு கள்ளன்மாருக்கும் சாயா வாங்கிட்டு வா."

கள்ளன்மார் இருவரில் கால் நன்றாக இருந்தவன் நான் ஒருவன்தான் என்பதால், நானே போய் வாங்கி வந்தேன்.